ஆர்டி கர்னல் போட்டும் டப்பு டப்புனு சத்தம் வருதா? இன்டரப்ட் வரிசைய ஒருதடவ பாருங்க

காரைக்குடி பக்கம் லினக்ஸ்ல ஆடியோ வேலை பாக்குற பசங்க, அதாவது கச்சேரிக்கு கீபோர்டு வாசிக்கிறவங்க, கோயில் திருவிழாவுக்கு நாதஸ்வரம் தவில் ரெக்கார்டு பண்ணிக் குடுக்குறவங்க, இவங்கள்ல பாதிப் பேரு கேக்குறது ஒரே கேள்விதான். "அண்ணே, ரியல்டைம் கர்னல் போட்டாச்சு, ரீஸ்டார்ட்டும் பண்ணியாச்சு, இன்னும் நடுநடுவுல டப்புனு ஒரு சத்தம் வருதே?" வரத்தான் செய்யும் தம்பி. கர்னல்ங்கறது லினக்ஸோட உள்மூளை, அதுல நேரம் தவறாம வேலை நடக்குறதுக்குன்னு மாத்தம் பண்ணதுதான் ரியல்டைம் கர்னல், சுருக்கமா ஆர்டி கர்னல். யாரு முந்தி யாரு பிந்தின்னு வரிசை போடுற வசதிய மட்டும்தான் அந்தக் கர்னல் குடுக்குது, வரிசைய நாமதான் போடணும். இன்ஸ்டால் பண்றது எப்படின்னு வீடியோ ஏகப்பட்டது கெடக்கு, அதுக்கப்பறம் என்ன பண்ணணும்னு சொல்றதுக்குத்தான் ஆளக் காணோம், அதனால அத மட்டும் இங்க எழுதுறேன்.

மொதல்ல அந்த டப்பு எங்கருந்து வருதுன்னு பாத்துருவோம். சவுண்ட் கார்டு ஒவ்வொரு சாம்பிளா கம்ப்யூட்டர்கிட்ட குடுத்துக்கிட்டு இருக்காது, கொஞ்சம் சேத்து வச்சு ஒரு கட்டா குடுக்கும். அந்தக் கட்டுக்கு முறையான பேரு பீரியட், பேச்சுல எல்லாரும் பஃபர்னே சொல்லிட்டுத் திரியிறோம், நானும் அப்படியே சொல்றேன். செகண்டுக்கு 48000 சாம்பிள் ஓடுற கார்டுல பஃபர 256ன்னு வச்சா 5.3 மில்லிசெகண்டுக்கு ஒரு கட்டு வரும், 128ன்னா 2.7, 64ன்னா 1.3. அந்த 1.3 மில்லிசெகண்டுக்குள்ள வந்த கட்ட வாங்கி, ஈக்யூ, கம்ப்ரசர், ரிவெர்புனு எல்லாத்துலயும் விட்டு எடுத்து, வெளிய போகவேண்டிய கட்ட ரெடியா வச்சிருக்கணும். வைக்கலேன்னா கார்டு நமக்காக நிக்காது, கையில இருக்கிறத வச்சு ஓட்டிட்டுப் போயிரும், காதுல டப்புனு கேக்கும். இதுக்குப் பேருதான் எக்ஸ்ரன்.

அப்ப பஃபர 1024ன்னு வச்சிட்டா போச்சுன்னு தோணும். சரிதான், 21 மில்லிசெகண்டு டைம் கிடைக்கும், ஒரு தொந்தரவும் இருக்காது, ஏற்கெனவே ரெக்கார்டு பண்ணத மிக்ஸ் மட்டும் பண்றவங்க தாராளமா அப்படியே வச்சுக்கிட்டு இந்தக் கட்டுரைய இதோட விட்டுரலாம். ஆனா லைவா வாசிக்கிறவங்களுக்கு அது ஆகாது. ரெண்டு மூணு பஃபர் சேந்துதான் சத்தம் வெளிய வரும், அப்ப 40ல இருந்து 60 மில்லிசெகண்டு ஆயிரும், காத்துல சத்தம் ஒரு மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர்தான் போகும்னு கணக்குப் போட்டா 60 மில்லிசெகண்டுங்கறது 20 மீட்டர் தள்ளி இருக்க ஸ்பீக்கர கேட்டுக்கிட்டு வாசிக்கிற மாதிரி. தவில்காரரு ஹெட்ஃபோன்ல தன்னோட அடிய தானே அப்படிக் கேட்டா ரெண்டாவது ஆவர்த்தனத்துலயே கழட்டி வச்சிருவாரு. 128 இல்லேன்னா 64, அதுலதான் வேலை நடக்கணும், அதனாலதான் இவ்வளவு பாடு.

இப்ப இன்டரப்டுக்கு வருவோம். கட்டு ரெடியானதும் சவுண்ட் கார்டு சிபியுவ கூப்புடும், "இங்க வா, வந்து எடுத்துக்க"ன்னு. அந்தக் கூப்பாடுதான் இன்டரப்ட். சவுண்ட் கார்டு மட்டும் கூப்புடாது, வைஃபை கார்டு கூப்புடும், எஸ்எஸ்டி கூப்புடும், கிராஃபிக்ஸ் கூப்புடும், டச்பேட்ல வெரல வச்சாலும் ஒரு கூப்பாடு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் உண்டு, ஐஆர்க்யூ நம்பர்னு சொல்லுவாங்க.

சாதா கர்னல்ல இது எப்படி நடக்கும்னா, நம்ம ஊரு பெரிய வீட்டுக் கணக்க வச்சே சொல்றேன். முகப்புல யாராவது வந்து ஐயான்னு கூப்புட்டா, உள்ள பட்டாலையில முக்கியமான கணக்கு பாத்துக்கிட்டு இருக்க வீட்டுக்காரரே எந்திரிச்சு வந்து, வந்தவரு பால்காரரா இருந்தாலும் சரி வட்டிக்கடைக்காரரா இருந்தாலும் சரி, அவரு சோலிய முடிச்சு அனுப்பிட்டுத்தான் திரும்பவும் போயி கணக்குல உக்காருவாரு. ரியல்டைம் கர்னல்ல முகப்புல ஒரு கணக்குப்பிள்ளைய உக்கார வச்சாச்சு. அவரு வந்தவரு பேர மட்டும் குறிச்சுக்கிட்டு "திண்ணையில உக்காருங்க, கூப்புடுறேன்"னு சொல்லிருவாரு, உள்ள எந்த வரிசையில விடணும்ங்கறது அவரு கையில இருக்க சீட்டுல எழுதியிருக்கும். வட்டிக்கடைக்காரரு கடைசியா வந்திருந்தாலும் சீட்டுல அவரு பேரு மேல இருந்தா அவருதான் முந்தி. அந்தச் சீட்டுல எழுதுற நம்பருதான் பிரையாரிட்டி.

கர்னல் பாஷையில சொன்னா, ஒவ்வொரு இன்டரப்டோட வேலையும் தனித்தனி த்ரெட்டா, அதாவது தனியா ஓடுற ஒரு வேலையா மாறிரும். டைமர் இன்டரப்ட் மாதிரி சிலத மட்டும் மாத்தாம பழையபடியே விட்டுருவாங்க. மத்ததெல்லாம் சாதாரண ப்ரோக்ராம் மாதிரியே, அடுத்து சிபியு யாருக்குன்னு முடிவு பண்ற ஷெட்யூலருக்குக் கட்டுப்பட்டது, அதனால சாதாரண ப்ரோக்ராமுக்கு நம்பர் போடுற மாதிரியே இதுக்கும் போடலாம். இந்த நம்பர் 1ல இருந்து 99 வரைக்கும் போகும், பெரிய நம்பர்தான் ஒசத்தி. ஷெட்யூலிங் முறைக்கு பேரு ஃபைஃபோ, ஒசந்த நம்பர்காரன் ஓட ஆரம்பிச்சா தானா நிறுத்துற வரைக்கும் இல்ல அவனவிட ஒசந்தவன் வர்ற வரைக்கும் ஓடிக்கிட்டே இருப்பான்.

இந்த ரியல்டைம் வேலைய, ப்ரீஎம்ட் ஆர்டின்னு பேரு, இங்கோ மோல்னாரும் தாமஸ் க்ளைக்ஸ்னரும் அவங்களோட இன்னும் சிலரும் 2004, 2005 வாக்குலயே ஆரம்பிச்சது. ரொம்ப வருஷம் தனி பேட்ச்சாவே கெடந்துச்சு, நாமளா டவுன்லோடு பண்ணி ஒட்டி கம்பைல் பண்ணணும். 2024 நவம்பர்ல வந்த 6.12 கர்னல்லதான் அது முழுசா மெயின் கர்னலுக்குள்ளயே வந்துச்சு. இப்ப டெபியன்ல ரெடிமேடா ஆர்டி கர்னல் பேக்கேஜே இருக்கு, ஆர்ச்லயும் இருக்கு, கம்பைல் பண்ணி ராத்திரி பூரா முழிச்சிருக்க வேண்டியதில்ல. உங்ககிட்ட ஓடுறது ஆர்டி கர்னல்தானான்னு சந்தேகம் இருந்தா டெர்மினல்ல யூநேம் கமாண்ட முழு விவரத்தோட போடுங்க, வர்ற வரியில ப்ரீஎம்ட் அண்டர்ஸ்கோர் ஆர்டின்னு இருக்கணும். வெறும் ப்ரீஎம்ட்னு மட்டும் இருந்தா அது ஆர்டி இல்ல. ஆனா அதுக்கும் ஒரு வழி இருக்கு, மெஷின் பூட் ஆகும்போது கர்னல ஏத்துற கிரப்ல கர்னல் பூட் வரியோட கடைசியில த்ரெட் ஐஆர்க்யூஸ்னு ஒரே வார்த்தையா சேத்தா சாதா கர்னல்லயும் இன்டரப்டெல்லாம் த்ரெட்டா மாறிரும், 2011ல இருந்தே இந்த வசதி இருக்கு. என்னயக் கேட்டா மொதல்ல இதப் போட்டுப் பாருங்கன்னுதான் சொல்லுவேன், 128 பஃபருக்கு நெறைய பேருக்கு இதுவே போதும், என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு வச்சிருக்கவங்களுக்கு ரெண்டு மடங்கு சொல்லுவேன், ஏன்னா அவங்களோட சொந்த டிரைவர் ஆர்டி கர்னலப் பாத்தாலே இன்ஸ்டால் ஆகமாட்டேன்னு அடம் புடிக்கும், தனியா ஒரு செட்டிங் குடுத்து தாஜா பண்ணணும்.

சரி, கர்னல் போட்டாச்சு, எல்லாம் த்ரெட்டாயிருச்சு. இப்ப அந்தச் சீட்டுல என்ன எழுதியிருக்கும்? எல்லாருக்கும் 50. அவ்வளவுதான். வைஃபைக்கும் 50, எஸ்எஸ்டிக்கும் 50, டச்பேடுக்கும் 50, உங்க சவுண்ட் கார்டுக்கும் அதே 50. கர்னலுக்கு நீங்க நாதஸ்வரம் ரெக்கார்டு பண்றீங்களா ஃபைல் சர்வர் ஓட்டுறீங்களான்னு எப்படித் தெரியும்? ஒருத்தருக்கும் பாரபட்சம் காட்டாம ஒரே நம்பர குடுத்துட்டு ஒதுங்கிரும். இதுக்கு மேல ஒரு கூத்து என்னன்னா, சவுண்ட் கார்டுக்கும் ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்கும் நடுவுல கட்ட கைமாத்தி விடுற ஜாக் ஆடியோ சர்வர சும்மா அப்படியே ஸ்டார்ட் பண்ணா அது தனக்கு எடுத்துக்கிறது 10. அப்ப என்ன ஆகும், ஜாக் உக்காந்து கட்டு ரெடி பண்ணிக்கிட்டு இருக்கும்போது வைஃபைல ஒரு பாக்கெட் வந்தா 50 வந்து 10அ தள்ளிவிட்டுட்டு அது வேலைய பாக்கும், ஃபோன்ல எவனோ குட் மார்னிங் வீடியோ அனுப்பி அது லேப்டாப்ல வாட்ஸப் வெப்ல இறங்குற நேரத்துக்கு இங்க டப்பு. ரியல்டைம் கர்னல் போட்டும் சத்தம் வருதுன்னு சொல்றவங்க மெஷின்ல பெரும்பாலும் நடக்கிறது இதுதான்.

ஆக நாம போடவேண்டிய வரிசை: எல்லாத்துக்கும் மேல ஆடியோ கட்டு வர்ற இன்டரப்ட் த்ரெட், அதுக்குக் கீழ ஜாக், அதுக்குக் கீழ ஜாக்கோட சேந்து ஓடுற ஆர்டர் (Ardour) மாதிரி ரெக்கார்டிங் சாஃப்ட்வேரோட ஆடியோ த்ரெட், அதுக்கும் கீழதான் மத்த எல்லா இன்டரப்டும். நம்பரா சொன்னா இன்டரப்ட் 90, ஜாக் 70, ஜாக் 2ங்கற வெர்ஷன்ல சேந்து ஓடுற சாஃப்ட்வேருக்கு அதுவே 5 கம்மி பண்ணி 65 குடுத்துரும், மிச்சமெல்லாம் பழைய 50லயே கெடக்கட்டும். நம்பர் 90தான் இருக்கணும்னு ஒண்ணுமில்ல, 85, 75னு வச்சாலும் ஓடும், யாருக்கு மேல யாருங்கறதுதான் கணக்கு.

சிலரு கேப்பாங்க, ஜாக்தானே நமக்கு முக்கியம், அத ஏன் இன்டரப்டுக்கு கீழ வைக்கணும்னு. ஜாக் தானா எந்திரிக்காது, கார்டுல இருந்து இன்டரப்ட் வந்து அத எழுப்பிவிட்டாத்தான் அடுத்த கட்டுக்கு எந்திரிக்கும். எழுப்புறவன் வர்றதுக்கே தாமதமானா எழுந்திரிக்கிறவன் எவ்வளவு ஒசந்தவனா இருந்து என்ன பிரயோஜனம். இன்னொண்ணு, அந்த இன்டரப்ட் த்ரெட்டுக்கு வேலை ரொம்பக் கொஞ்சம், மைக்ரோசெகண்டு கணக்குல முடிச்சிட்டுப் போயிரும், அதனால ஜாக்குக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல. எஸ்எஸ்டிய கீழ தள்ளிட்டா ரெக்கார்டிங் போயிருமோன்னு பயப்படுறவங்களுக்கும் ஒண்ணு, ஆர்டர்ல டிஸ்குக்கு எழுதுற வேலைக்குத் தனி த்ரெட் இருக்கு, அது நடுவுல ஒரு பெரிய பஃபர வச்சுக்கிட்டு சாவகாசமா எழுதும், அதுக்கு அவசரமே கிடையாது.

அடுத்து, நெறைய பேரு சறுக்குற எடம். ஆடியோ இன்டரப்டுன்னா எது? ப்ராக் ஃபோல்டருக்குள்ள இன்டரப்ட்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கும், அத தொறந்து பாத்தா இடது ஓரத்துல ஐஆர்க்யூ நம்பர், நடுவுல ஒவ்வொரு சிபியு கோரும் அத எத்தன தடவ வாங்குச்சுன்னு எண்ணிக்கை, வலது கடைசியில டிவைஸ் பேரு. அதுல எஸ்என்டின்னு ஆரம்பிச்சு ஹெச்டிஏ இன்டெல்னு ஒண்ணு இருக்கும், பாத்த ஒடனே "ஆஹா சவுண்டு இதுதான்"னு அதுக்கு 90 போட்டுட்டு வந்து ஒக்காந்துருவாங்க. அது லேப்டாப்புக்குள்ளயே இருக்க ஆன்போர்டு சவுண்டு தம்பி. நீங்க மைக்க சொருகியிருக்கிறது வெளிய இருக்க யூஎஸ்பி இன்டர்ஃபேஸ்ல. ஃபோகஸ்ரைட்டோ பெஹ்ரிங்கரோ எதுவா இருந்தாலும் யூஎஸ்பி கார்டுக்குன்னு தனி ஐஆர்க்யூ கிடையாது, அது சொருகியிருக்க யூஎஸ்பி கன்ட்ரோலரோட ஐஆர்க்யூலதான் அதோட கட்டெல்லாம் வரும். அந்த ஃபைல்ல எக்ஸ்ஹெச்சிஐ ஹெச்சிடின்னு போட்டிருக்கும் பாருங்க, அதுதான் நம்ம ஆளு. ஆன்போர்டுக்கு 90 போட்டு யூஎஸ்பிய 50லயே விட்டா ஒண்ணுமே மாறியிருக்காது, அப்பறம் "ட்யூனிங்லாம் சும்மாண்ணே"ன்னு வந்து நிப்பாங்க.

எக்ஸ்ஹெச்சிஐ ஒண்ணுக்கு மேல இருந்தா எதுன்னு கண்டுபிடிக்கிறதுக்கு சுலபமான வழி ஒண்ணு சொல்றேன். வாட்ச் கமாண்ட் போட்டு அந்த இன்டரப்ட்ஸ் ஃபைல கண்ணு முன்னாடி ஓடவிட்டுட்டு, ஜாக்க ஸ்டார்ட் பண்ணுங்க, எந்த வரியில நம்பரு சரசரன்னு ஏறுதோ அதுதான். ஜாக்க நிறுத்துனா அதுவும் நிக்கணும். யூஎஸ்பி சாதனங்கள மரம் மாதிரி காட்டுற எல்எஸ்யூஎஸ்பி கமாண்டும் இருக்கு, ஹைஃபன் டி போட்டுப் பாத்தா எந்தப் பஸ்ல யாரு யாரு கூட ஒக்காந்திருக்காங்கன்னு தெரிஞ்சிரும். பாத்தா லேப்டாப்புல பெரும்பாலும் எல்லா போர்ட்டும் ஒரே கன்ட்ரோலர்லதான் இருக்கும், உள்ள இருக்க வெப்கேம், ப்ளூடூத், நீங்க சொருகியிருக்க பென்டிரைவ் எல்லாமே அதுலதான். அப்ப 90 குடுத்தா ஆடியோவோட சேந்து பென்டிரைவும் 90ல வந்து ஒக்காந்துக்கும். இதுக்கு மருந்து பிரையாரிட்டியில இல்ல, ரெக்கார்டிங் நேரத்துல பென்டிரைவ கழட்டி வைங்க, ப்ளூடூத்த அணைங்க, டைப் சி போர்ட் வேற கன்ட்ரோலர்ல இருந்தா இன்டர்ஃபேஸ அதுல மாத்திச் சொருகுங்க. சொருகுற ஓட்டைய மாத்துனதுலயே பிரச்சினை தீந்துபோன மெஷின் உண்டு. யூஎஸ்பி கார்டுக்கு ஜாக்ல பீரியட் எண்ணிக்கைய 2க்கு பதிலா 3ன்னு வைக்கிறதும் பழைய வழக்கம், கொஞ்சம் லேட்டன்சி, அதாவது தாமதம் கூடும், ஆனா நிம்மதியா ஓடும்.

நம்பர் போடுறது எப்படின்னா, மொதல்ல கையால ஒருதடவ போட்டுப் பாருங்க, அப்பதான் வெளங்கும். பிஎஸ் கமாண்டுல ஆர்டிப்ரியோங்கற பத்தியையும் சேத்துக் காட்டச் சொன்னா ஐஆர்க்யூன்னு ஆரம்பிச்சு சாய்கோடு, நம்பர், ஹைஃபன், டிரைவர் பேருன்னு வரிசையா த்ரெட்டுங்க தெரியும், பக்கத்துல எல்லாத்துக்கும் 50. டாப் கமாண்டுல பாக்காதீங்க, அது இந்த 50அ மைனஸ் 51ன்னு தலைகீழாக் காட்டி கொழப்பிவிட்டுரும். எக்ஸ்ஹெச்சிஐ த்ரெட்டோட பிஐடிய, அதாவது அதோட அடையாள நம்பர குறிச்சுக்கிட்டு, சிஹெச்ஆர்டின்னு ஒரு கமாண்ட் இருக்கு, சூடோ போட்டு, ஃபைஃபோவுக்கு ஹைஃபன் எஃப், ஹைஃபன் பி, 90, அந்த பிஐடி, அவ்வளவுதான். திரும்ப பிஎஸ்ல பாத்தா 90ன்னு காட்டும். ரீஸ்டார்ட் பண்ணா போயிரும், அதனால கைவச்சுப் பாக்குறதுக்கு பயமே வேணாம்.

நிரந்தரமா வேணும்னா ஆர்டிஐஆர்க்யூன்னு ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு, ஜாக்க பட்டன் அமுக்கி ஓட்டுறதுக்கான க்யூஜாக்கன்ட்ரோல் ப்ரோக்ராம எழுதுன போர்ச்சுக்கல்காரரு ரூயி நூனோ கபேலாதான் இதையும் எழுதுனவரு. நெறைய டிஸ்ட்ரோல பேக்கேஜா கிடைக்கும், பூட் ஆகும்போது தானா ஓடி நம்பர் போட்டு வச்சிரும். அதோட கான்ஃபிக் ஃபைல் டெபியன், உபுண்டுல எட்ஸிக்குள்ள டீஃபால்ட் ஃபோல்டர்ல இருக்கும். அதுல நேம் லிஸ்ட்னு ஒரு வரி, எஸ்என்டி, யூஎஸ்பி, ஐ8042ன்னு எழுதியிருக்கும், கடைசியா இருக்கிறது பழைய பிஎஸ்2 கீபோர்டு. மொதல்ல எழுதியிருக்கிறதுக்கு 90, அடுத்தடுத்து 5 கம்மின்னு எறங்கிக்கிட்டே வரும், 51க்குக் கீழ போகாது. யூஎஸ்பி இன்டர்ஃபேஸ்காரங்க அந்த வரியில யூஎஸ்பிய மொதல்ல கொண்டாந்து எஸ்என்டிய ரெண்டாவதா தள்ளிட்டா முடிஞ்சுச்சு. ஸ்டேட்டஸ்னு குடுத்தா இப்ப யாரு எந்த நம்பர்ல நிக்கிறாங்கன்னு பட்டியல் போட்டுக் காட்டும்.

ஜாக்குக்கு நம்பர க்யூஜாக்கன்ட்ரோல் செட்டிங்லயே போடலாம், 70ன்னு. ஆனா சாதா யூசருக்கு அவ்வளவு பெரிய நம்பர கர்னல் குடுக்காது. உங்க யூசர் ஆடியோ க்ரூப்ல இருக்கணும், அந்த க்ரூப்புக்கு ஆர்டிப்ரியோ 95 வரைக்கும் அனுமதி, மெமரிய லாக் பண்றதுக்கும் அளவில்லாத அனுமதி, இது ரெண்டும் எட்ஸிக்குள்ள செக்யூரிட்டி ஃபோல்டர்ல லிமிட்ஸ் ஃபைல்ல இருக்கணும். டெபியன்ல ஜாக் இன்ஸ்டால் பண்ணும்போதே ரியல்டைம் வேணுமான்னு ஒரு கேள்வி கேக்கும், அப்ப படிக்காம நோ அடிச்சவங்கதான் பாதிப் பேரு. க்ரூப்ல சேத்த பெறகு ஒருதடவ லாக் அவுட் பண்ணி உள்ள வரணும்.

அதுக்காக 99அ எடுத்து ஆடியோவுக்குக் குடுத்துட்டு "எல்லாருக்கும் மேல நம்மதான்"னு ஒக்காராதீங்க. 99ல கர்னலோட சொந்த வேலைக்கார த்ரெட்டுங்க சிலது இருக்கு, வேலைய ஒரு கோர்ல இருந்து இன்னொரு கோருக்கு மாத்திவிடுற மைக்ரேஷன் மாதிரி ஆளுங்க, அவங்க வழியில போய் நின்னா மெஷினே தடுமாறும். ஒசந்த நம்பர்ல ஈக்யூ, ரிவெர்ப் மாதிரி ஒரு ப்ளகின் லூப்புல மாட்டிக்கிச்சுன்னா மவுஸ்கூட அசையாது, செகண்டுல 5 சதவீதத்த மட்டும் சாதாரண வேலைகளுக்குன்னு கர்னல் ஒதுக்கி வச்சிருக்கும், அந்த இடுக்குல பூந்துதான் அத கொல்லணும், ரொம்ப எரிச்சலான வேலை.

பிரையாரிட்டி போட்டா மட்டும் எல்லாம் வரிசையா நடந்துருமான்னா, அதுலயும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு நேரத்துல ஒருத்தன்தான் தொடணும்ங்கற எடத்துக்கு கர்னல் ஒரு பூட்டு போட்டிருக்கும், கீழ இருக்க ஒருத்தன் அந்தப் பூட்ட கையில வச்சிருப்பான், மேல இருக்கவனுக்கு அந்தப் பூட்டு வேணும், அதுக்குள்ள நடுவுல இருக்கவன் ஓட ஆரம்பிச்சு கீழ உள்ளவன ஓடவிடாம பண்ணிட்டா, மேல இருக்கவன் நடுவுல இருக்கவனுக்காக காத்துக்கெடக்கணும். 1997ல செவ்வாய்ல எறங்குன நாசாவோட பாத்ஃபைண்டர் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதுக்கு இதுதான் காரணம், பூமியில இருந்தே ஒரு செட்டிங்க மாத்தி அனுப்பி சரி பண்ணாங்க. பூட்டு வச்சிருக்க கீழ்நம்பர்காரனுக்கு அந்த நேரத்துக்கு மட்டும் மேல்நம்பர கடன் குடுக்குற முறை அது. ஆர்டி கர்னல்ல உள்ள இருக்க பெரும்பாலான பூட்டுகளுக்கு இந்தக் கடன் முறை தானாவே உண்டு, த்ரெட் ஐஆர்க்யூஸ் போட்ட சாதா கர்னலுக்கும் இதுக்கும் உள்ள பெரிய வித்தியாசத்துல இதுவும் ஒண்ணு. 64 பஃபருக்கு எறங்குறவங்களுக்கு ஆர்டி ஏன் வேணும்னா இதுக்குத்தான்.

ஜாக் வேலையையும் சேத்துப் பாக்குற பைப்வயர்ங்கற ஆடியோ சர்வர் வச்சிருக்கவங்க, இப்ப பெரும்பாலான புது டிஸ்ட்ரோல அதுதான் வருது, ஒரு விஷயம் கவனிக்கணும். பைப்வயர் சாதாரணமா கார்டோட இன்டரப்டுக்குக் காத்திருக்காம டைமர வச்சு எந்திரிக்கும், அதனால நீங்க எக்ஸ்ஹெச்சிஐக்கு 90 போட்டதோட பலன் முழுசா தெரியாது. சவுண்ட் செட்டிங்ல அந்தக் கார்டுக்கு ப்ரோ ஆடியோங்கற ப்ரொஃபைல எடுத்தா புது வெர்ஷன்கள்ல இன்டரப்ட் வழிக்கு மாறிக்கும். பஃபருக்கு அங்க பேரு குவாண்டம், சும்மா விட்டா 1024. பைப்வயர் தனக்கு 80க்கு மேல நம்பர் கேக்கும், ஆனா லிமிட்ஸ்ல அனுமதி இல்லேன்னா ஆர்டிகிட்ங்கற இடைத்தரகர்கிட்ட போய் நிக்கும், அவரு 20க்கு மேல ஒரு பைசா குடுக்கமாட்டாரு, 20ன்னா திரும்பவும் வைஃபைக்குக் கீழதான். பிஎஸ்ல போட்டு என்ன நம்பர்ல நிக்கிதுன்னு பாத்துக்கிடுங்க.

மாத்துனது பலிச்சுச்சான்னு காத வச்சு முடிவு பண்ணாதீங்க. க்யூஜாக்கன்ட்ரோல்ல எக்ஸ்ரன் எண்ணிக்கை தெரியும், பைப்வயர்ல பிடபிள்யூ டாப் போட்டா ஈஆர்ஆர்னு ஒரு பத்தி இருக்கும், அதுல நம்பர் ஏறாம இருக்கணும். ஆர்டி டெஸ்ட்ஸ் பேக்கேஜ்ல சைக்ளிக்டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, ஒரு த்ரெட்ட இந்த நேரத்துக்கு எழுப்புனு சொல்லி வச்சிட்டு எவ்வளவு லேட்டா எழுப்புச்சுன்னு மைக்ரோசெகண்டுல அளக்கும். அத ஓடவிட்டுட்டு சும்மா பாத்துக்கிட்டு இருந்தா ஒண்ணும் தெரியாது, பக்கத்துல பிரௌசர்ல வீடியோ போடுங்க, பெரிய ஃபைல் காப்பி பண்ணுங்க, வைஃபைல டவுன்லோடு விடுங்க. மேக்ஸ்ங்கற நம்பர் 100க்குள்ள நின்னா மெஷின் தங்கம். 64 பஃபருக்கு மொத்தமே 1333 மைக்ரோசெகண்டுதான் கையில இருக்கு, அதுல எழுப்புறதுக்கே 800 போச்சுன்னா ப்ளகினுக்கு என்ன மிஞ்சும்?

பிரையாரிட்டிக்கே கட்டுப்படாத ஆளும் உண்டு, எஸ்எம்ஐ. லேப்டாப்போட பயாஸ் சூடு பாக்குறதுக்கு, ஃபேன் வேகத்த மாத்துறதுக்குன்னு அப்பப்ப சிபியுவ அப்படியே புடுங்கிக்கிட்டுப் போயிரும், கர்னலுக்கு அப்படி ஒண்ணு நடந்ததே தெரியாது, கடியாரம் குதிச்ச மாதிரிதான் தெரியும். ஹெச்டபிள்யூலாட்டிடெக்ட்னு ஒரு டூல் இதக் கண்டுபிடிக்கும். அதுல பெரிய நம்பர் வந்துச்சுன்னா பயாஸ் அப்டேட் பண்ணிப் பாக்கலாம், அதுக்கும் மசியலேன்னா அந்த லேப்டாப்ப ஆடியோவுக்கு வச்சுக்கிட்டு மல்லுக்கட்டாதீங்க, பஃபர கூட்டிக்கிட்டு வேற வேலைக்கு வச்சுக்கங்க.

நம்ம பக்கம் கூடுதலா ஒரு தொல்லை, வெயில். பழைய வீட்டு வளவுல வச்சு நாதஸ்வரம் ரெக்கார்டு பண்ணா சத்தம் அருமையா இருக்கும், ஆத்தங்குடி தரையும் சுண்ணாம்புச் செவுரும் சேந்து ரிவெர்ப அதுவே குடுத்துரும், ப்ளகின் ரிவெர்ப எடுத்துட்டு அந்த சிபியுவ மிச்சம் பண்ணிக்கலாம். ஆனா மைக்குல கேக்குதுன்னு ஃபேன எல்லாம் அணைச்சிருப்போம், சித்திரை வைகாசியில லேப்டாப் கொதிச்சு சிபியு தன் வேகத்த தானே கொறைச்சுக்கும், காலையில 64ல சுத்தமா ஓடுன செட்டப் மத்தியானம் 3 மணிக்கு டப்பு டப்புங்கும். இன்டரப்ட் நம்பர போய் நோண்டாதீங்க அந்த நேரத்துல, சூட்ட மொதல்ல பாருங்க. லேப்டாப்ப தரையில படுக்க வைக்காம அடியில ரெண்டு பக்கம் மரக்கட்டை குடுத்துத் தூக்கி வைங்க, மைக்குக்கு தூரமா இரண்டாம் கட்டுப் பக்கமா வச்சு கேபிள இழுத்துக்கங்க. சிபியு வேகத்த கூட்டிக் கொறைக்கிற கவர்னர்ங்கற செட்டிங்க பெர்ஃபார்மன்ஸ்ல வச்சா வேகம் ஏறி எறங்குற ஆட்டம் நிக்கும், ஆனா சூடும் கூடும், ரெண்டையும் பாத்துத்தான் வைக்கணும். வைஃபைய அந்த நேரத்துக்கு அணைச்சு வைங்க, அதுக்கு ஒரு நியாயமும் சொல்லத் தேவையில்ல.

கடைசியா ஒண்ணு, லேப்டாப்ப மூடி வச்சிட்டு சாப்புட்டு வந்து தொறந்தா சில மெஷின்ல இன்டரப்ட் த்ரெட்டெல்லாம் புதுசா உருவாகியிருக்கும், புதுசுன்னா திரும்பவும் 50. ஆர்டிஐஆர்க்யூ பூட் ஆகும்போது ஒருதடவதான் ஓடியிருக்கும், அதுக்கு இது தெரியாது. அந்தப் பேக்கேஜோடயே ரெஸ்யூம்னு தனியா ஒரு சர்வீஸ் ஃபைல் வருது, அதையும் சிஸ்டம் கன்ட்ரோல்ல எனேபிள் பண்ணி வைங்க, இல்லேன்னா தொறந்த ஒடனே ஆர்டிஐஆர்க்யூவ கையால ஒருதடவ ஸ்டார்ட் குடுத்து, ஸ்டேட்டஸ்ல 90 வந்துருச்சான்னு பாத்துட்டு அப்பறம் ரெக்கார்டு பட்டன அமுக்குங்க.